ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

1

சரஸ்வதி பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது என் மகள் உமா கேட்டாள்: "அப்பா, இந்த வருஷமும் அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணப் போறீங்களா?"

இல்லை என்று சொன்னேன். போன வருஷம் சாமிக்கு முன்னால் ஒன்பது சாமான்கள் வைத்தேன். இந்த வருஷம் எட்டு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனே தவிர நிச்சயமாகத் தெரியவில்லை. ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது எழுபத்து நான்கு. தென்காசி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து எழுதுகிறவர்கள் புல்வெளியையும் ஆடுகளையும் பற்றி எழுதுவது வழக்கம். என் அறை ஜன்னலில் நின்றால் தெரியும் ஆடுகள் முப்பத்தொன்று. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது, போன விஜயதசமி அன்று உயிர் பெற மறுத்த ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி.

அது மருமகன் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பெட்டி. துணி துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. அதில் ஒரு சாட் சர்வர் ஓடுகிறது. அதாவது, நான் இங்கே தட்டச்சு செய்வதை வாங்கி, ஊரில் இன்னொரு கம்ப்யூட்டரில் காட்டி, அங்கிருந்து வரும் பதிலை எனக்குக் காட்டுகிற தபால்காரன். இணையத்தில் இருக்கும் குறிப்புகளைப் படித்து நானே அமைத்தேன். குடும்பத்துக்கென்று ஐந்து கணக்குகள் திறந்து வைத்தேன். அதில் மூன்று செத்துப்போயின. உமாவுக்கு நேரமில்லை. மருமகன் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பேத்தி ஒரே ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டுத் தன் சிநேகிதிகள் இருக்கும் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். மிச்சம் இரண்டு. ஒன்று நான். இன்னொன்று என் அக்கா.

2

சிவகாமி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் தனியாக இருக்கிறாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி இப்போது சுத்தமாகக் கேட்காது. இடி இடித்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம்.

"அது விசிலடிக்குலே. இந்த வயசுல எனக்கு எதுக்கு விசிலு?" என்று கழற்றிக் கோப்பைக்குள் போட்டுவிட்டாள்.

கைபேசியின் சின்ன எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது, விரலும் நடுங்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் ஒரு தரம் வீடியோவில் பேசிப் பார்த்தோம். "ஒன் மூஞ்சியப் பாத்து நான் என்ன செய்ய? வாயி மட்டும் மீன் மாதிரி அசையுது" என்று அதையும் ஒதுக்கிவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் மார்க் ஏற்றிப் பழகியதால் விசைப்பலகை அவளுக்குப் பழக்கம். ஆகவே மேஜைக் கம்ப்யூட்டர், பெரிய திரை, அதில் பூசணி விதை அளவுக்கு எழுத்து. அதற்காகத்தான் இந்த சர்வர்.

உமா அவளையும் இங்கே கூப்பிட்டாள். அக்கா எனக்கு எழுதினாள்: "அங்கன வந்து நானும் ஒன்னோட சேந்து ஆட்டை எண்ணவா?"

ஒவ்வொரு நாளும் காலையில் அவள் முதலில் அனுப்புவது ஒரே ஓர் எண். ஐந்தருவியில் இன்றைக்கு எத்தனை பிரிவில் தண்ணீர் விழுகிறது என்ற எண். பால்காரர் அந்த வழியாக வருகிறவர். விரலை நீட்டிக் காட்டுவார். "3" என்று அக்கா அனுப்பினால் அருவியில் மூன்று விழுகிறது என்பது மட்டும் எனக்குச் செய்தியல்ல. அவள் எழுந்துவிட்டாள், பால் வாங்கிவிட்டாள், கண் தெரிகிறது, விரல் ஓடுகிறது. ஒரு எண்ணில் நான்கு சேதி. பதிலுக்கு நான் ஆடுகளின் எண்ணிக்கையை அனுப்புவேன். ஒன்றிரண்டு குறைந்தால் "மத்தது எங்க போச்சு, தேடு" என்று எழுதுவாள்.

பேத்திக்கு ஒரு கணக்கு அனுப்பியிருந்தாள், தொட்டியை நிரப்பும் குழாய்க் கணக்கு. "பிள்ளை போட்டாளா?" என்று மாதம் ஒரு முறை கேட்பாள். போடுவாள் அக்கா, பரீட்சை நடக்கிறது என்று எழுதுவேன். இங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை நடப்பதே அபூர்வம் என்பது அவளுக்குத் தெரியாது என்று நம்புகிறேன்.

3

எங்கள் அப்பா வடகரையில் நெல் விவசாயம் செய்தார். ஆயுத பூஜை அன்று பம்புசெட்டுக்குக்கூட ஓய்வு. வயல் காய்ந்தாலும் சரி, மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை செய்து கற்பூரம் காட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். பூஜையில் வைத்த கருவியை இடையில் எடுத்தால் அந்த வருஷம் முழுவதும் அது மக்கர் செய்யும் என்பது அவர் சொல். அது எனக்கும் அக்காவுக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது.

போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அக்கா எழுதினாள்: "நாளைக்கு நான் விசைப்பலகையைத் தூக்கி சரஸ்வதிக்கு முன்னால வச்சிருவேன். ஒன் பெட்டியையும் வையி. நாலு வருஷமா ராப்பகலா ஒழைக்கு, பாவம். நாளன்னிக்குக் காலையில பாப்போம்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பூஜைக்கு ஒன்பது சாமான்கள்: சர்வர் பெட்டி, என் ஸ்க்ரூ டிரைவர் செட், மருமகனின் கார்ச்சாவி, புல் வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடி (முழு இயந்திரத்தையும் ஹாலுக்குள் கொண்டுவர உமா விடவில்லை), பேத்தியின் வயலின், உமாவின் ஸ்டெதஸ்கோப், தையல் மெஷின், இரண்டு புத்தகங்கள்.

சிக்கல், ராகு காலத்தில் வந்தது. நான் தென்காசியின் ராகு காலத்தைத் தள்ளுவதா, ஹாமில்டனின் ராகு காலத்தைத் தள்ளுவதா?

"எந்த ஊர்ல இருக்கீங்களோ அந்த ஊர் சூரியன்தானேப்பா?" என்றாள் உமா.

"பஞ்சாங்கம் எந்த ஊரு?"

"ஐயோ, அப்பா."

எதற்கு வம்பு என்று இரண்டையும் தள்ளினேன். எமகண்டமும் இரண்டு. நான்கையும் கழித்தால் நல்ல நேரம் என்று கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் சந்தனம் குழைத்தேன், பொரி கடலை எடுத்து வைத்தேன், உமாவை இரண்டு தரம் கூப்பிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் முடியப் போகிறது. சர்வரை முறைப்படி நிறுத்துவதற்கு ஒரு கட்டளை உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக மூடி, பூட்டி, பிறகு அணையும். அதற்குக் காத்திருக்க முடியவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாமிக்கு முன்னால் வைத்து, முகப்பில் மூன்று சந்தனப் பொட்டும் மூன்று குங்குமமும் வைத்தேன்.

இணையத்தில் குறிப்பு எழுதும் எந்த வெள்ளைக்காரனும் இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்கியிருக்க மாட்டான்.

4

விஜயதசமி அன்று காலையில் மறுபூஜை முடித்து, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். ஊரில் அப்போது இன்னும் விடியவில்லை. அக்கா எழுந்து விசைப்பலகையை எடுத்து மாட்டுவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும் என்று கணக்கு.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. ஆனால் சர்வர் எழவில்லை. கறுப்புத் திரையில் பதினொரு வரிகள் வந்து நின்றன. பதினொன்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். மறுபடி தொடங்கினேன். அதே பதினொன்று.

ஏழாவது வரியில் விஷயம் இருந்தது. எங்கள் உரையாடலைப் பிறர் படிக்காமல் பூட்டி அனுப்ப ஒரு சான்றிதழ் உண்டு. அது 'இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்றது திரை. வராமல் என்ன? அது நான்கு வருஷமாக நடைமுறையில் இருக்கிறது. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். பெட்டி பல வருஷம் பின்னால் போய், தான் பிறந்த வருஷத்தின் ஜனவரி ஒன்றாம் தேதியில் உட்கார்ந்திருந்தது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தைக் காப்பாற்றுவதற்கு உள்ளே காசு அளவுக்கு ஒரு செல் இருக்கும். அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. பிளக்கை நான்கு வருஷமாகப் பிடுங்காததால் எனக்குத் தெரியவில்லை.

தேதியைக் கையால் மாற்றினாலே போதும். ஆனால் என் புத்தி அப்படிப் போகாது. குறையை வைத்துக்கொண்டு மேலே கட்டக் கூடாது என்று கடைக்குக் கிளம்பினேன். கடையில் நின்ற வாலிபனிடம் 'செல்' வேண்டும் என்றேன். அவன் மரியாதையாக ஆறு செல்போன்களை எடுத்து வைத்து, எனக்குப் பெரிய எழுத்துள்ளது வேண்டுமா என்றும் கேட்டான். பேட்டரி என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் அவன் மூன்று போன்களை இயக்கிக் காட்டிவிட்டான். ஊரில் டார்ச்சுக்குப் போடுவது செல். எனக்கு எழுபது வருஷமாக அது செல்தான்.

திரும்பி வந்து மாற்றினேன். தேதி சரியாயிற்று. சான்றிதழைப் பற்றிய வரி மறைந்தது. பதினொன்று போய் இரண்டு வரி வந்தது. சர்வர் எழவில்லை.

5

இரண்டு வரியின் சாரம்: 'சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே தொடங்க மாட்டேன்.'

ஓடவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஓடும் வேலைகளின் பட்டியலில் நூற்று நாற்பத்திரண்டு பெயர்கள். அதில் அது இல்லை. ஒருவேளை வழி அடைபட்டிருக்குமோ என்று இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். கணக்கு யார் பெயரில் என்றாள். மகள் பெயரில் என்றேன். அப்படியானால் மகள்தான் பேச வேண்டும் என்றாள். மகள் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருக்கிறாள் என்றேன். சரி, உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் இருக்கிறதா பார்க்கிறேன் என்றாள். எனக்குக் குடும்பப் பெயர் இல்லையம்மா, முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது, அது என் அப்பா என்றேன். அந்த ஒரு எழுத்தை அவளுடைய கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு இன்னோர் எழுத்துக்கு எங்கே போவேன் என்ற கவலை எனக்குத் தீரவில்லை.

பிற்பாடு தெரிந்தது, அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று. தொடங்கும்போது சர்வர் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பை எழுதி வைக்கும். தனக்குக் கிடைத்த வேலை எண்ணை அதில் குறிக்கும். முறைப்படி நிறுத்தினால் போகும்போது அதை அழித்துவிட்டுப் போகும். நான் நிறுத்தாமல் பிடுங்கியதால் கோப்பு அழியவில்லை. அதில் இருந்த எண், காலையில் பெட்டி எழுந்தபோது வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. சர்வர் கோப்பைப் பார்க்கிறது, அந்த எண்ணைத் தட்டுகிறது, உள்ளே ஆள் இருக்கிறது. சரி, நான் இருக்கிறேன் என்று முடிவு செய்துகொள்கிறது.

தொலைபேசி இலாகாவில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. சந்தாதாரர் இறந்தால் கொஞ்ச காலம் கழித்து அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுப்போம். பழைய உறவினர் யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுத்துப் பேசுவது வேறு ஆள்.

அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு கட்டளை. ஆனால் அதே பெட்டியில் அக்காவும் நானும் பேசிய நான்கு வருஷம் இருந்தது. ஒரு எழுத்துத் தவறினால் அதுவும் போகும். டூட்டி முடிந்து வந்த உமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டிலீட் பண்ணிருங்கப்பா. ஒரு செகண்டு வேலை."

"முதல்ல எல்லாத்தையும் நகல் எடுத்துக்கிடுதேன்."

"அது எவ்வளவு நேரம் ஆகும்?"

"இது பழைய பெட்டிம்மா. மெதுவாத்தான் எடுக்கும்."

"அத்தை காத்துட்டு இருப்பாங்கப்பா."

"அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும். பூஜை பண்ணிட்டு இருப்பா."

அப்படி நினைத்துக்கொண்டுதான் நகல் எடுத்தேன். எடுத்து, எண்ணிக்கை சரியா என்று ஒத்துப் பார்த்து, பிறகு பூட்டுக் கோப்பை அழித்தேன். சர்வர் மூச்சுக்காட்டாமல் எழுந்தது. பிழை வரி ஒன்றுகூட இல்லை. பட்டியலில் என் பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி வந்தது.

அக்கா பெயருக்கு முன்னால் சாம்பல் புள்ளி.

6

"வந்துட்டேன் அக்கா" என்று அனுப்பினேன். இரண்டு தேநீர் குடித்தேன். புள்ளி மாறவில்லை. ஊரில் அப்போது நன்றாக விடிந்து ஆபீஸ் போகும் நேரம்.

இவ்வளவு நேரமும் என்னுடைய பயம் எல்லாம் பெட்டியைப் பற்றியது. பெட்டி சரியானதும் பயத்துக்கு வேறு இடம் கிடைத்தது. பெட்டி கெட்டிருந்தவரை அக்காவின் மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணத்தை நானே பழுது பார்த்து எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு முப்புடாதிக்குப் போன் செய்தேன். அக்காவுக்கு ஒன்று என்றால் முதலில் ஓடுகிறவள் அவள்தான்.

"அண்ணாச்சி, நான் புளியறையில எங்க அம்மா வீட்டுலல்லா கெடக்கேன். நேத்தே வந்துட்டோம். என்ன சேதி?"

"அக்காவை எப்பம்மா பாத்தே?"

"நேத்து பொரி கடலை குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். நல்லாத்தான் இருந்தாக. ஏன் அண்ணாச்சி, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பெட்டியில வரலம்மா."

"இருங்க, பால்காரர் நம்பர் இருக்கு. போட்டுக் கேக்கேன். பதறாதீங்க. இங்கன மழை ஊத்துது, தகரத்துல விழுத சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு."

மழையைப் பற்றி எனக்குத் தெரியாது. உமா தன் போனில் ஊர்ச் செய்தியைத் தேடினாள். மலையில் விடிய விடிய மழை. எல்லா அருவிகளிலும் வெள்ளம், குளிக்கத் தடை. ஒரு படம் போட்டிருந்தார்கள். ஐந்தருவி. நான் எண்ணப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. ஐந்தும் சேர்ந்து ஒரே பழுப்புச் சுவராக விழுந்தது.

முப்புடாதி திரும்பக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, வீடு பூட்டிக் கெடக்காம். இன்னைக்கு மழையில பால்காரரு லேட்டாத்தான் போயிருக்காரு. ஆச்சி அப்பவே குடையோட வாசல்ல நின்னாகளாம். பால் வேண்டாம்னு கையக் காட்டிட்டாகளாம்."

"எங்கே போறேன்னு சொன்னாளா?"

"ஒண்ணுஞ் சொல்லலையாம். அருவியில இன்னைக்கு எத்தனைன்னுகூடக் கேக்கலையாம். அவரு வெரல நீட்டப் போயிருக்காரு, ஆச்சி பாக்காமலே எறங்கிப் போயிட்டாகளாம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நாங்க இப்பமே கெளம்பி வாறோம் அண்ணாச்சி. லாரி எதையாவது நிறுத்திப் புடிச்சு வந்துருவோம். நீங்க சும்மா கண்டதையும் நெனைக்காதீங்க, என்ன?"

கண்டதையும் நினைத்தேன். அருவியில் தண்ணீர் திடீரென்று கூடினால் போலீஸ்காரர்கள் விசில் ஊதி ஆட்களை மேலே ஏற்றுவார்கள். அக்காவுக்கு விசில் கேட்காது. வளைவில் பஸ் ஹாரன் அடிக்கும். கேட்காது. பின்னால் இருந்து யாராவது "ஆச்சி, விலகுங்க" என்று கத்துவார்கள். கேட்காது. எழுபத்தெட்டு வயது, மழை, பாசி பிடித்த ரோடு.

"போலீஸ்ல சொல்லிருவோமாப்பா?" என்றாள் உமா. "என்ன அடையாளம் சொல்லணும்? என்ன கலர் சேலை, என்ன கலர் குடை?"

எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை படி, கொல்லையில் எத்தனை தென்னை என்று எல்லாம் தெரியும். அவள் வைத்திருக்கும் குடை என்ன நிறம் என்று தெரியவில்லை. உமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. என் மகளுக்கு அத்தை என்றால் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்கும் பெயர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

7

அவள் தென்காசி போலீஸ் நிலையத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத இந்திய எண். வீடியோ அழைப்பு.

எடுத்தேன். முதலில் ஒரு கூரை தெரிந்தது, அதில் ஒரு மின்விசிறி. அப்புறம் ஓர் இளம்பெண்ணின் முகம்.

"சார், வணக்கம். நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசுதேன். இங்கன ஒரு ஆச்சி வந்திருக்காக. ஒங்க நம்பரை மனப்பாடமாச் சொல்லுதாக. காது கேக்கல போல. நீங்க இருக்கீங்களான்னு..." அந்தப் பெண் சட்டென்று நிறுத்தி, குரலை மாற்றி, "நீங்கதானே சார் அவுக தம்பி?" என்றாள்.

"நான்தாம்மா! நான்தான்! அக்காகிட்டக் குடு!"

திரை ஆடியது. அக்காவின் முகவாய் தெரிந்தது, பிறகு மூக்குக்கண்ணாடி. கண்ணாடியில் மழைத்துளி.

"ஏலே!" என்றாள்.

"அக்கா! அக்கா!"

"சார், கத்தாதீங்க சார்," என்றது அந்தப் பெண்ணின் குரல். "ஆச்சிக்குக் கேக்காது. எனக்குத்தான் காது அடைக்கு."

அக்கா திரைக்குள் வந்துவிடுகிறவள் போலக் கிட்ட வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். உமா ஒரு காகிதத்தையும் தடித்த பேனாவையும் என் கையில் திணித்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'பெட்டி ரிப்பேர்' என்று எழுதிக் காட்டினேன்.

"பெருசா எழுது. நான் என்ன கழுகா?"

பெரிதாக எழுதிக் காட்டினேன். அவள் படித்தாள்.

"ரிப்பேரா? நாலு வருஷமா ஓடினது இன்னைக்குத்தான் ரிப்பேராகணுமா? காலையில விசைப்பலகையை எடுத்து மாட்டிட்டு ஒன் பேரைத் தேடுதேன், காணல. அணைச்சு அணைச்சுப் போடுதேன், காணல. எனக்கு முன்னாடி எழுந்து ஆட்டை எண்ணிட்டு ஒக்காந்திருக்க ஆளு நீ. ஒரு நாள் ஒரு பொழுது தவறினது கெடையாது. நீ தவறினா என்னலே அர்த்தம்?"

'முப்புடாதி' என்று எழுதினேன். அவளிடம் கேட்டிருக்கலாமே என்று எழுதக் காகிதத்தில் இடம் போதவில்லை.

"அவ கதவு பூட்டிக் கெடக்கு. போன் கடையெல்லாம் லீவு. எங்க போவேன்? எத்தனை தீபாவளிக்கு வீட்டுல சாப்பிடாம இந்த எக்ஸ்சேஞ்சுல டூட்டி பாத்திருக்கே. எந்த லீவுனாலும் இங்கன ஒரு ஆளு இருக்கும்னு எனக்குத் தெரியும்லா. அதான் வந்தேன். இந்தா, இந்தப் பிள்ளை இருந்துச்சு."

'உமா சொல்லியிருப்பாளே' என்று எழுதினேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் மகள் சொல்லாமல் இருப்பாளா என்ற அர்த்தத்தில்.

"யாரு, உமாவா? அவ சொல்ல மாட்டா." அக்கா தலையை ஆட்டினாள். "பெரியண்ணன் போனப்ப எல்லாருமாச் சேந்து எனக்கு மறைச்சீங்க. கெழவி தாங்க மாட்டான்னு பதினாறு முடிஞ்சப்புறம் சொன்னீங்க. அது மாதிரி இப்பவும் மறைக்காளுகன்னு நெனச்சேன். அதான் நேர்ல வந்து, எனக்குச் சம்பந்தமில்லாத ஆளு வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கிடலாம்னு."

உமா என் பின்னால் நின்று அழுவது கேட்டது. அக்காவுக்கு அது கேட்காது, தெரிந்தது.

"அந்தப் பிள்ளை ஏன் அழுது? நான்தான் ஏச வந்தேன். ஏசக்கூட விடமாட்டேங்காளே."

எக்ஸ்சேஞ்சுப் பெண் அக்காவின் தோளைத் தட்டி, டம்ளர் தூக்குவது போல் கையைக் காட்டினாள், காபி வாங்கி வரட்டுமா என்று.

"வேண்டாம் பிள்ளை," என்றாள் அக்கா. "நான் இன்னும் பல்லுகூட வெளக்கல."

பிறகு அவள் மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். அதைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்படி போனுக்கு முன்னால் பிடித்தாள். உள்ளே ஒரு மாற்றுச் சேலை, ஒரு ரவிக்கை, ஒரு துண்டு. நன்றாக மடித்து, நனையாமல் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தாள்.

"கேட்ட ஒடனே தலை முழுகணும்லா," என்றாள். "தீட்டோட பஸ்ல ஏறக்கூடாதுன்னு இங்கனயே சித்தாத்துல முழுகிட்டுப் போயிரலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

கையில் பேனா இருந்தது, காகிதம் இருந்தது. பேனாவை மூடினேன்.

அந்தப் பெண் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. பையின் வாயை இறுக்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். குடையை எடுத்தாள். நீல நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு.

"சரி, வையி. பஸ்ஸு இருக்கான்னு பாக்கணும்," என்றாள். "வீட்டுக்குப் போயி வெந்நி போட்டு, சும்மாக் குளிக்கணும்."